டெக் டீக்கடை: முதுகுக்குப் பின்னால என்ன இருக்கு?

போன ஞாயித்துக்கிழமை நம்ம டீக்கடை பெஞ்சுக்கு ஒரு கேஸ் வந்தது. பக்கத்துத் தெரு தம்பி. கோவையில ஒரு காலேஜ்ல விஸ்காம் முதல் வருஷம். கையில ரெண்டு லேப்டாப் நோட்டீஸ், முகத்துல நாலு நாள் தூங்காத களை.

"அண்ணே, ரெண்டும் எழுபதாயிரத்துக்குள்ள. ஒண்ணு 14 இன்ச், 2.8கே ஓஎல்இடி, க்ளாஸி. சும்மா பளபளன்னு இருக்கு. இன்னொண்ணு 15.6 இன்ச், ஃபுல் எச்டி, ஆன்டி-க்ளேர். பார்த்தா வெளுத்துப்போன சட்டை மாதிரி இருக்கு. எதை வாங்கட்டும்?"

"மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டுத்தானே கேக்குற?"

சிரிச்சான். அப்புறம் கொஞ்சம் சீரியஸா சொன்னான். "அப்பா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த காசுண்ணே. மூணு வருஷத்துக்கு இதுதான். தப்பாப் போச்சுன்னா மாத்த முடியாது."

அடடா, இது வேற மேட்டர். ரெண்டு டீ சொல்லிட்டு, என் சோகக் கதையை எடுத்து விட்டேன்.

2009-ல கல்விக் கடன் காசுல நான் வாங்கின முதல் லேப்டாப் ஒரு க்ளாஸி. அப்போ எந்த ஷோரூமுக்குப் போனாலும் பளபளப்புதான். எச்.பி.யில 'ப்ரைட்வியூ', டெல்லுல 'ட்ரூலைஃப்', ஏசர்ல 'க்ரிஸ்டல்ப்ரைட்' என்று ஆளுக்கொரு பேர் வெச்சு அசத்தினாங்க. நானும் விழுந்துட்டேன். கடைசி வருஷ ப்ராஜெக்ட் ரிவ்யூ வந்தது. லேப்ல என் முதுகுக்குப் பின்னால வரிசையா ஜன்னல். கறுப்பு பேக்ரவுண்ட்ல அவுட்புட்டை ஓட விட்டேன். ஹெச்.ஓ.டி. குனிஞ்சு பார்த்தார், நிதானமா பார்த்தார்... தலைமுடியைச் சரி பண்ணிக்கிட்டு நிமிர்ந்தார். அவுட்புட் தெரியலை பாஸ், அவர் முகம்தான் தெரிஞ்சது!

ஏன் இப்படி? கணக்கு ரொம்ப சிம்பிள். சாதாரணக் கண்ணாடி, நேரா வந்து விழற வெளிச்சத்துல சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பூ, நாலுதானே என்று நினைக்காதீங்க. உச்சி வெயில்ல நிக்கிற வெள்ளைச் சுவர் 20,000 நிட்ஸுக்கு மேல ஜொலிக்கும். அதுல 4 சதவீதம் 800 நிட்ஸ். நம்ம பட்ஜெட் லேப்டாப் முழு ப்ரைட்னஸ்ல தர்றது 250, மிஞ்சிப் போனா 400. பின்னாடி இருக்கிற சுவர்தான் ஜெயிக்கும். நாம அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டே ரெக்கார்டு எழுத வேண்டியதுதான்.

அப்போ ஆன்டி-க்ளேர் அந்த வெளிச்சத்தை முழுங்கிடுமா? கிடையாது. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அதோட மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுல சொரசொரப்பா இருக்கும். வர்ற வெளிச்சத்தை ஒரே பக்கமா அனுப்பாம நாலா பக்கமும் சிதறடிக்கும். அதனால ட்யூப்லைட் கோடா தெரியாது, மங்கலான வெள்ளைத் திட்டா தெரியும். கண்ணு எழுத்தைப் பார்க்கிறதா, பின்னாடி ஃபேன் சுத்துறதைப் பார்க்கிறதா என்று அல்லாடாது. ஆனா அந்த வெள்ளைத் திட்டு படத்து மேல படர்றதால கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும். ஒண்ணைக் கொடுத்துத்தான் ஒண்ணை வாங்கணும்.

பெரிய கம்பெனிகளே இதுல தடுமாறியிருக்காங்க. ஆப்பிள் 2008 அக்டோபர்ல 15 இன்ச் மேக்புக் ப்ரோவை க்ளாஸி மட்டும்தான் என்று கொண்டு வந்தது. மூணே மாசத்துல, 2009 ஜனவரியில வந்த 17 இன்ச்சுக்கு 50 டாலர் கூடக் கொடுத்தா ஆன்டி-க்ளேர் என்றது. 2012-ல ரெட்டினா வந்தப்போ மறுபடி க்ளாஸி மட்டும். 2024 அக்டோபர்ல வந்த மேக்புக் ப்ரோவுக்கு 'நானோ-டெக்ஸ்ச்சர்' என்ற பேர்ல மேட் ஸ்க்ரீன், 150 டாலர் எக்ஸ்ட்ரா! அதாவது, இந்தச் சண்டையில ஜெயிச்சவன் எவனுமில்லை.

"அப்போ ரெசல்யூஷன்?" என்றான் தம்பி.

அது தனிக் கதை. 15.6 இன்ச்ல ஃபுல் எச்டி என்றால் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 141 புள்ளி. 14 இன்ச்ல 2880 × 1800 என்றால் 243 புள்ளி. தமிழ் எழுத்தோட சுழி, கொம்பு எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கும், சந்தேகமே வேணாம். ஆனா சொரசொரப்பு மட்டமா இருக்கிற மேட் ஸ்க்ரீன்ல புள்ளிகள் பொடிசாகப் பொடிசாக, வெள்ளைப் பக்கத்துல மணல் தூவின மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியும். அதிக ரெசல்யூஷனும் க்ளாஸியும் பெரும்பாலும் ஜோடியா சுத்துறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு உண்மையும் சொல்லிடறேன். தம்பி பார்த்த ஆன்டி-க்ளேர் மாடல் வெளுத்துப்போன சட்டை மாதிரி இருந்ததுக்கு மேட் மட்டும் காரணமில்லை. விலை குறைஞ்ச லேப்டாப்புகள்ல '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று ஒரு பேனலைப் போடுவாங்க. சிவப்பு செங்கல் கலராகும், பச்சை பாசி கலராகும். அந்த மலிவு பேனல் பெரும்பாலும் ஆன்டி-க்ளேரா வர்றதால, பழி பூரா மேட் தலையில விழுது. பாவம் அது!

எல்லாம் சொல்லிட்டுக் கடைசியா ஒரு கேள்வி கேட்டேன். "நீ உக்காந்து வேலை பார்க்கிற இடத்துல, உன் முதுகுக்குப் பின்னால என்ன இருக்கு?"

முழிச்சான். ஸ்பெக்ஸ் ஷீட்டுல இல்லாத கேள்வியாச்சே! அப்புறம் விஸ்காம்காரன் இல்லையா, நோட்டீஸைத் திருப்பிப் போட்டு ஹாஸ்டல் ரூமை வரைஞ்சான். சுவரோட கட்டின சிமென்ட் ஸ்லாப்தான் மேஜை. நேர் பின்னால மேற்குப் பார்த்த ஜன்னல். ஜன்னலுக்கு மேல ட்யூப்லைட். ஸ்லாப்பைத் திருப்ப முடியாது. மூணு பேர் இருக்கிற ரூம், லைட்டை அணைக்கவும் முடியாது.

படத்தை அவனே கொஞ்ச நேரம் பார்த்தான். "அண்ணே, சாயங்காலம் நாலு மணிக்கு நான் ஃபோட்டோ எடிட் பண்ணலை, ஜன்னலைத்தான் எடிட் பண்ணுவேன்."

அவ்வளவுதான்! விடை வந்தாச்சு. க்ளாஸி அவுட். ஆனா மட்டமான கலர்ல விஸ்காம்காரன் குப்பை கொட்ட முடியுமா? திரும்பக் கடைக்குப் போனோம். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, ஐபிஎஸ், ஆன்டி-க்ளேர், 300 நிட்ஸ்' என்று நாலு வார்த்தையை மட்டும் சொல்லித் தேடச் சொன்னோம். மூலையில ஒரு 16 இன்ச், 1920 × 1200 கிடைச்சது. பளபளப்பு இல்லாததால டிஸ்ப்ளேயில முன்னாடி வைக்கலையாம்! ரெண்டாயிரம் ரூபாய் கூட. போன்ல அப்பாகிட்ட கேட்டான். "உனக்குக் கண்ணு உறுத்தாம இருக்குமாப்பா?" என்று மட்டும் கேட்டார் மனுஷன். தம்பிக்குப் பேச்சு வரலை. நான்தான் போனை வாங்கி, "இருக்கும்ப்பா" என்றேன்.

ஒருவேளை அவன் ரூம்ல ஜன்னல் பக்கவாட்டுல இருந்திருந்தா? கண்ணை மூடிக்கிட்டு அந்த ஓஎல்இடியை வாங்கச் சொல்லியிருப்பேன். அந்தக் கறுப்புக்கு ஈடே கிடையாது.

டீக்கடை டிப்ஸ்:

* கடையில ஸ்க்ரீனை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ட்யூப்லைட் கத்தி மாதிரி தெரிஞ்சா க்ளாஸி, திட்டா தெரிஞ்சா மேட்.

* டெமோ வீடியோவைப் பார்த்து மயங்காதீங்க. வெள்ளைப் பக்கத்துல ஒண்ணு, முழுக் கறுப்புல ஒண்ணு, ரெண்டும் பாருங்க. கடை வாசல் பக்கம் முதுகு காட்டி நின்னு பாருங்க.

* ஏற்கெனவே க்ளாஸி வாங்கிட்டீங்களா? அழாதீங்க. ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி உக்காருங்க. முடியலையா, ஒரு பழைய பெட்ஷீட் திரை போதும். டார்க் தீமை விட்டுட்டு வெள்ளை பேக்ரவுண்டுக்கு மாறுங்க, முகம் தெரியறது பாதி குறையும்.

* மேட் ஸ்க்ரீனை ஜன்னல் துடைக்கிற ஸ்ப்ரே போட்டுத் தேய்க்காதீங்க. லேசா ஈரம் பண்ணின மைக்ரோஃபைபர் துணி போதும்.

ஸ்பெக்ஸை கம்பெனிக்காரன் எழுதிடுவான் மக்களே. உங்க ரூமை நீங்கதான் வரையணும். லேப்டாப் வாங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பாருங்க!

சரி, டீ ஆறிடுச்சு. அடுத்த வாரம் பார்ப்போம்!