துறைமுகக் குமாஸ்தாவுக்கு எத்தனை ஜாதகம்?

வருஷா வருஷம் டிசம்பர் 22-ந் தேதி வந்துவிட்டால் நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் கணித மேதை இராமானுஜத்தின் பெயரைச் சொல்லி விழா எடுப்பது வழக்கமாகிவிட்டது. 2012-ம் வருஷம் முதல் அதைத் தேசியக் கணித தினமென்று சர்க்காரே கொண்டாடி வருகிறது. விழா எடுப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. கல்லுக்கும் செம்புக்கும் உற்சவம் நடத்துகிற நாட்டில் கணக்குக்கு ஒரு நாள் ஒதுக்குவது எவ்வளவோ மேலான காரியந்தான். ஆனால் அந்த மேடைகளில் ஏறி நின்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிற சங்கதி என்ன? நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து அவர் நாக்கில் எழுதினாள், அவர் எழுந்து அதைக் காகிதத்தில் எழுதினார் என்பதுதானே! இராயபுரத்திலும் எண்ணூரிலும் மீன் கூடை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு என்ன நினைக்கும்? நம் நாக்கில் யார் வந்து எழுதப் போகிறார்கள் என்று நினைத்துக் கணக்குப் புஸ்தகத்தை மூடி வைக்கும்.

இந்த ஒரு ஜாதகம் போதாதென்று இப்போது படித்த கூட்டம் இன்னொரு ஜாதகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறது. அதற்கு மனோதத்துவம் என்று பெயர். இராமானுஜம் இன்ன வகைச் சுபாவமுடையவர், இன்ன மனக்கோளாறு உடையவர், தாயாரிடம் இன்ன மாதிரி ஒட்டிக்கொண்டவர், ஆகையால்தான் மேதையானார் என்கிறார்கள். முதல் ஜாதகம் சொல்லுகிறவன் குடுமி வைத்திருந்தான். இரண்டாவது ஜாதகம் சொல்லுகிறவர் கண்ணாடி போட்டிருக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதானா, இன்னும் ஏதேனும் உண்டா என்பதை யோசிப்பதே இந்த வியாசத்தின் உத்தேசம்.

இதில் நமக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். இராமானுஜம் நம் வட்டாரத்தில் சம்பளம் வாங்கின மனிதர். 1912-ம் வருஷம் மார்ச் 1-ந் தேதி சென்னைப் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். கணக்குப் போடக் காகிதம் வாங்கக் காசில்லாமல், துறைமுகத்தில் பெட்டி கட்டி வந்த காகிதத்தைப் பொறுக்கினார். கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு 1913-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி எழுதின கடிதத்திலும் தம்மை இன்னாரென்று சொல்லிக்கொள்ள அவர் முதலில் காட்டினது இந்தப் போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா உத்தியோகத்தைத்தான். தாயாரின் சிபாரிசைக் காட்டவில்லை.

முதலில் தாயாரையே பார்ப்போம். ஹார்டிக்கு அவர் எழுதின கடிதங்களில் கண்ட முடிவுகளில் பல உண்மையில் பிரமிக்கத்தக்கவை. ஆனால் பகா எண்கள் விஷயத்தில் அவர் எழுதினதில் முக்கியமான பாகம் தப்பு. இதை ஹார்டியே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். ரீமன் என்ற ஜெர்மானியர் 1859-லேயே வெளியிட்டிருந்த விஷயம் கும்பகோணத்து வாலிபருக்கு எட்டவில்லை. அதனால் வந்த தப்பு அது. புஸ்தகம் கிடைக்காத மனிதன் இப்படித் தவறுவது சகஜம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நாக்கில் எழுதினவள் அம்பாள் என்கிறவர்களைக் கேட்கிறோம்: அம்பாளுக்குமா புஸ்தகம் கிடைக்கவில்லை? சரியாக வந்ததெல்லாம் தாயார் எழுதினது, தப்பாக வந்தது மாத்திரம் இராமானுஜம் எழுதினது என்றால், இதற்குப் பெயர் பக்தியா, பித்தலாட்டமா?

கடல் தாண்டின கதையும் இப்படித்தான். சீமைக்குப் போனால் ஜாதி கெடும் என்று 1913-ல் தயங்கினார். அந்த வருஷக் கடைசியில் நாமக்கல்லுக்கு யாத்திரை போனார்கள். அதற்குப் பிறகு, மகன் போவதைத் தடுக்காதே என்று தாயார் கோமளத்தம்மாளின் கனவில் நாமகிரி சொல்லிவிட்டாளாம். 1914 மார்ச் 17-ந் தேதி குடுமியை எடுத்துவிட்டுக் கப்பலேறினார். உத்தரவு கொடுத்த தெய்வம் அதை ஊருக்கும் சொல்லியிருக்க வேண்டாமா? 1920 ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் அவர் 32 வயதில் இறந்தபோது, கடல் தாண்டிப் பிராயச்சித்தம் செய்துகொள்ளாதவர் என்பதற்காக வைதிக உறவினர் பலர் சாவுக்கே வரவில்லை. இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி கூப்பிட்டு உட்கார வைத்த மனிதனைத் தூக்கச் சொந்த ஜாதிக்காரனுக்குத் தோள் இல்லை.

நிற்க, மனோதத்துவக்காரரிடம் வருவோம். பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையைப் பிரித்து மனத்தைக் காட்டுகிற வித்தையை ஊருக்கு அறிமுகப்படுத்தினவர் பிராய்டு. 1910-ல் இத்தாலிய ஓவியர் லியனார்டோவைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். குழந்தையாய்த் தொட்டிலில் கிடக்கையில் ஒரு பறவை வந்து வாலால் தம் வாயைத் தட்டியது என்று லியனார்டோ எழுதி வைத்திருந்தார். பிராய்டு அந்தப் பறவையைப் பிணந்தின்னிக் கழுகு என்று எடுத்துக்கொண்டார். எகிப்தியரின் தாய்த் தெய்வத்துக்கும் அதே கழுகு என்று முடிச்சுப் போட்டார். அதன் மேல் ஒரு மாளிகையே கட்டினார். கடைசியில் பார்த்தால் லியனார்டோ எழுதின சொல்லுக்குப் பருந்து என்று அர்த்தம். மொழிபெயர்ப்பில் விழுந்த ஒரு தப்பு! பறவை மாறியதும் எகிப்துத் தாய் பறந்துபோனாள்.

இராமானுஜத்துக்கும் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆஷிஷ் நந்தி என்பவர் 1980-ல் ஜகதீச சந்திர போசையும் இராமானுஜத்தையும் சேர்த்து மனோவியல் முறையில் ஒரு புஸ்தகம் எழுதினார். தாய்க்கும் மகனுக்கும் இருந்த பிணைப்பு, ஆசாரக் குடும்பம், அந்நிய ஆட்சி என்று பல விஷயங்களை அதில் வைத்துப் பார்க்கிறார். படிக்க வேண்டிய புஸ்தகந்தான். ஒப்புக்கொள்ள வேண்டிய புஸ்தகமென்று நாம் சொல்லோம். அப்புறம் 2004-ல் மைக்கேல் பிட்ஸ்ஜெரால்டு என்ற ஐரிஷ் மனநோய் வைத்தியர் ஒரு புஸ்தகம் போட்டார். இறந்துபோன பல பெரியவர்களோடு இராமானுஜத்தையும் ஆட்டிசம் என்ற வகுப்பில் சேர்த்தார். மூன்று வயது வரையில் பேச்சு சரியாக வரவில்லை, ஒரே காரியத்தில் மூழ்கினார், மற்றப் பாடங்களில் தேறவில்லை என்பவை இப்படிச் சேர்ப்பதற்கு ஏற்ற அடையாளங்கள். ஆட்டிசம் உடையவர்களை நாம் இழிவாக நினைக்கவில்லை. அது மனித இயற்கையில் ஒரு வகை. நம் கேள்வி வேறு. சிநேகிதர்களைக் கூட்டி வைத்துச் சிலேடை பேசிச் சிரிப்பார், கேம்பிரிட்ஜில் வந்தவர்களுக்குத் தம் கையால் சமைத்துப் போட்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்களே, இவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது? ஒத்து வருகிறதை வைத்துக்கொண்டு, ஒத்து வராததைத் தள்ளிவிடுவது ஜோசியனுடைய தொழிலல்லவா?

ஜோசியன் என்று சும்மா சொல்லவில்லை. 1948-ல் அமெரிக்காவில் போரர் என்ற மனோதத்துவ ஆசிரியர் தம் மாணாக்கர் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒவ்வொருவருக்கும் "இது உன் சுபாவம்" என்று ஒரு குறிப்புக் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம், 5-க்கு மார்க்குப் போடு என்றார். சராசரி 4-க்கு மேல் விழுந்தது. ஆனால் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு! அதிலுள்ள வாக்கியங்களில் பெரும்பாலும் கடைவீதியில் வாங்கின ஜோசியப் புஸ்தகத்திலிருந்து எடுத்தவை. திருவொற்றியூர்த் தேரடியில் கிளிக் கூண்டோடு உட்காரும் ஒரு ஜோசியனை நினைத்துக்கொள்ளுங்கள். "வெளியே தைரியம், உள்ளே பயம், உன் திறமையை உலகம் இன்னும் அறியவில்லை" என்று அவன் படித்தால், யார்தான் தலையாட்ட மாட்டார்? இராமானுஜம் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. செத்தவர் மறுக்க மாட்டார் என்பதுதான் இந்த வியாபாரத்துக்கு முதலீடு.

அப்படியானால் மனோதத்துவமே வேண்டாமென்கிறோமா? இல்லை. மனிதனின் மனத்தைச் சாமியிடமிருந்தும் பிசாசிடமிருந்தும் மீட்டு மனிதனிடமே கொண்டுவந்த சாஸ்திரம் அது. அதில் யோக்கியமாக வேலை செய்கிறவர்கள் உயிரோடிருக்கும் ஆயிரம் பேரிடம் கேள்வி கேட்டு, அவரை அறிந்தவர்களிடமும் கேட்டு, இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார்கள். தப்பானால் தப்பென்று காட்டக்கூடிய விதமாகவே சொல்லுகிறார்கள். அதுதான் சாஸ்திரத்துக்கு அடையாளம். 1968-ல் வால்ட்டர் மிஷெல் என்பவர் ஒரு புஸ்தகம் எழுதிச் சுபாவம் பேசுகிறவர்களையெல்லாம் கலக்கிவிட்டார். மனிதன் ஒரு இடத்தில் நடக்கிற மாதிரியே எல்லா இடத்திலும் நடப்பதில்லை. சந்தர்ப்பத்தை விட்டுவிட்டுச் சுபாவத்தை மாத்திரம் பேசினால் கணக்கு உதைக்கும் என்றார். இன்ன சந்தர்ப்பத்தில் இன்ன மாதிரி நடப்பான் என்ற சேர்க்கையில்தான் ஒருவனுடைய தனிக்குணம் தெரியும் என்று பிறகு விளக்கினார்.

இதை இராமானுஜத்துக்கு வைத்துப் பாருங்கள். திருவல்லிக்கேணிச் சிநேகிதர்கள் சொல்லுகிற இராமானுஜம் கனவும் சகுனமும் தெய்வமுமாகப் பேசுகிறார். நாஸ்திகரான ஹார்டி சொல்லுகிற இராமானுஜமோ, எல்லா மதமும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மையாகத் தமக்குத் தோன்றுவதாகச் சொல்லுகிறார். ஆசாரத்தை ஆசாரமாகவே அநுஷ்டிக்கிறார். எது நிஜம் என்று இரண்டு கட்சியும் அடித்துக்கொள்ளுகின்றன. இரண்டும் நிஜமாக இருக்கலாம். சோறும் சிபாரிசும் பக்தர்களிடமிருந்து வரவேண்டிய ஊரில் ஒரு பேச்சு. நாஸ்திகனோடு உட்கார்ந்து வேலை செய்யும் அறையில் ஒரு பேச்சு. இது கபடமல்ல, ஏழை மனிதன் பிழைக்கிற விதம். போர்ட் டிரஸ்டில் சேர்மனிடம் பேசுகிற மாதிரியா நம் தோழர்கள் சாராயக் கடையில் பேசுகிறார்கள்?

சுபாவத்தைப் பார்க்கிறவர்கள் சந்தர்ப்பத்தைப் பார்த்தால் இன்னும் பல சங்கதிகள் வெளிவரும். எப்.ஏ. பரீட்சையில் 1906-லும் 1907-லும் தவறினவர். கணக்குக்கு மாதம் நாலு ரீம் காகிதம் வேண்டும் என்று சொன்னவர். கிடைக்காமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தவர். இப்படிப்பட்டவர் எப்படி மேலே வந்தார்? நோட்டுப் புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு கணிதச் சங்கத்தை ஏற்படுத்தின இராமசாமி அய்யரிடம் போனார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் போனார். அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். போர்ட் டிரஸ்டில் தலைமைக் கணக்கர் நாராயண அய்யர் இரவில் கூட உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார். நடுவில் விட்டுப்போன படிகளை எழுது என்று வற்புறுத்தினார். சேர்மன் ஸ்பிரிங் துரை எழுதினார், சர்வகலாசாலை விதியைத் தளர்த்திப் பட்டமில்லாதவருக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்தது. இவர்கள் செய்தது நல்ல காரியம். அந்த நன்மையை நாம் மறைக்கவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று. அதே 1912-ல் அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவனுடைய மகனுக்கு அதே மூளை இருந்திருந்தால், அவன் எந்த அய்யர் வீட்டுத் திண்ணையில் நோட்டுப் புஸ்தகத்தைப் பிரித்திருப்பான்? பரீட்சையில் இரண்டு முறை தவறவாவது அவனுக்கு இடம் கொடுத்திருப்பார்களா? தவறிவிட்டவனைப் பார்த்து, இது மேதையின் சுபாவம் என்று சொல்லியிருப்பார்களா, ஜாதிப் புத்தி என்று சொல்லியிருப்பார்களா?

1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் அவர் விழுந்து உயிரை விடப் பார்த்ததையும் சுபாவத்துக்குள் அடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முந்தின மாதங்களைப் பார்ப்போம். யுத்தம் நடக்கிறது. மரக்கறி உணவு அரிதாகிவிட்டது. ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. 1917-ல் டிரினிட்டி காலேஜ் அவருக்குப் பெல்லோ பதவி தர மறுத்தது. ஊரிலிருந்து மனைவி எழுதின கடிதம் வருவதில்லை. மாமியார் நடுவில் எடுத்து வைத்துக்கொண்டார். இத்தனையும் ஒரு மனிதன் மேல் விழுந்தால் அவனுக்கு என்ன விசேஷ சுபாவம் வேண்டியிருக்கிறது? அவர் உடம்பைத் தொட்டுப் பார்த்த டாக்டர்களே க்ஷயம் என்றும் வேறென்றும் சொன்னார்கள். 1994-ல் யங் என்ற டாக்டர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைப் பிடித்த அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். தொட்டுப் பார்த்த உடம்பிலேயே இவ்வளவு சந்தேகம் இருக்கிறபோது, தொடாத மனத்துக்கு 80 வருஷம் கழித்துச் சீட்டு எழுதுகிறவரின் தைரியத்தை என்னவென்பது!

தோழர்களே, வேறு விதமாகவும் செய்யலாம் என்று நம் வட்டாரத்திலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். முத்தியாலுப்பேட்டை ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராயிருந்த பி.கே. சீனிவாசன் அவர். இராமானுஜத்தை நேரில் அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களைத் தேடிப் போய் நினைவுகளையும் கடிதங்களையும் சேகரித்தார். அவற்றை 1968-ல் அந்தப் பள்ளிக்கூடத்து எண் நண்பர்கள் சங்கத்தின் பேரால் அச்சிட்டார். 1993-ல் இராயபுரத்தில் இராமானுஜத்துக்கு ஒரு காட்சிசாலையும் அமைத்தார். முதலில் அவர் எது மேதையின் சுபாவம் என்று தீர்மானித்துக்கொண்டு தேடவில்லை. யார் என்ன பார்த்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

கேட்டிருக்க வேண்டியவர்களில் முதல் ஆள் ஜானகி அம்மாள். 1909-ல் பத்து வயதில் கல்யாணம். புருஷன் சீமையிலிருந்து திரும்பின கடைசி ஒரு வருஷமும் அவரோடு சேர்ந்து வாழ்ந்தார். 21 வயதில் விதவையாகித் தையல் வேலை செய்து பிழைத்தார். புருஷன் கடைசி நாட்களிலும் படுக்கையில் கிடந்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைத் தம்மிடம் வந்தவர்களுக்கு அவர் சொன்னார். அவர் பார்த்தது அந்த வேலையைத்தான். அந்தக் கடைசி வருஷத்துக் காகிதங்கள் சர்வகலாசாலை வழியாகச் சீமைக்குப் போய், டிரினிட்டி புஸ்தகசாலையில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் அவற்றைக் கண்டெடுத்ததை உலகமே அதிசயமாகப் பேசிற்று. அந்தக் காகிதங்கள் எழுதப்பட்டபோது பக்கத்தில் இருந்த ஜானகி அம்மாள் அப்போது திருவல்லிக்கேணியில், சென்னைச் சர்வகலாசாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், உயிரோடுதான் இருந்தார்.