வசூலிப்பவரே வழக்கையும் விசாரிப்பதா?

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இறம்பொடையைக் கடப்போர் அருவியைக் கண்டு களிப்பர். அந்த மலைச்சரிவிலே கொழுந்து கிள்ளும் பெண்ணின் வரவு செலவுக் கணக்கை அவர்கள் அறியார். 2024ஆம் ஆண்டு அவளுக்கென அரசாங்கம் விதித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு போத்தல் சாராயமோ அவளது இரண்டு நாட் கூலியை விழுங்கியும் பசி அடங்காது நிற்கிறது!

அந்தச் சாராயத்தை விற்க உரிமம் தருவது மதுவரித் திணைக்களம். நிதியமைச்சின் கீழ் இயங்கும் அதன் தலையாய பணி, மதுவால் வரும் வரியைத் திறைசேரியிற் சேர்ப்பது. உரிமதாரர் விதியை மீறினால் விசாரிப்பதும் அதே திணைக்களமே. வசூலிக்கும் கை தண்டிக்கவும் ஓங்குமா? 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தில், பணத்தைக் கட்டிக் குற்றத்தைத் தீர்த்துக்கொள்ளவும் வழியுண்டு. திறைசேரிக்கு அதுவும் வரவுதானே!

திணைக்களத்துக்குக் கண்டிப்பே தெரியாது என்று நாம் சொல்லவில்லை. 2024 டிசம்பரில், வரிப் பாக்கிக்காகப் பெரிய சாராய நிறுவனமொன்றின் உரிமத்தை அது இடைநிறுத்தியது. திறைசேரியின் பணம் போனபோது சட்டம் எழுந்து நின்றது. லயத்துக் குடும்பத்தின் பணம் போகும்போது அது ஏன் படுத்துக் கிடக்கிறது?

இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு மது விற்கலாகாது என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். போயா தினத்திலே தவறணை மூடியிருக்க வேண்டும். நல்ல விதிகள்! இவை மீறப்படுவதை முதலில் அறிபவள் தாய். ஆயினும் விசாரணை மேசையின் ஒருபுறம் அதிகாரி, மறுபுறம் உரிமதாரர். அவளுக்கு நாற்காலி இல்லை. வேடிக்கை என்னவெனில், பெண்ணுக்கு மது விற்பதையே தடுத்தது 1979ஆம் ஆண்டின் அறிவித்தல். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அத்தடையை நீக்க, ஜனாதிபதி அந்த நீக்கத்தை மீளப்பெறச் செய்தார். பெண் மது வாங்கலாமா என்று கொழும்பிலே வாதாடினர். அவள் கூலி தவறணைக்குப் போகலாமா என்று கேட்டவர் எவர்?

2024இல் வழங்கப்பட்ட மதுபான உரிமங்கள் 361 என்றும், அவற்றுள் மத்திய மாகாணத்துக்குரியவை 45 என்றும் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட பட்டியல் கூறிற்று. கொடுத்து முடித்த பின்னரே பட்டியல் வந்தது. வெள்ளையன் ஆட்சியிற்கூட, ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடும் முறை இந்நாட்டில் இருந்தது. அன்று ஊருக்கிருந்த வாக்கு இன்று எங்கே?

தவறணையை மூடினால் கசிப்பு பெருகும் என்பர். பெருகலாம், அதை மறுக்கவில்லை. எல்லாத் தவறணைகளையும் இழுத்து மூடு என்பதல்ல நம் கோரிக்கை. உரிமம் கோரும் விண்ணப்பத்தைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்திலே தமிழில் ஒட்டுங்கள். விசாரணையை வரி வசூலோடு தொடர்பற்ற ஒரு சபையிடம் ஒப்படையுங்கள். அச்சபை கொழும்பிலே கூடாமல் இறம்பொடைக்கு வரட்டும். கொழுந்து நிறுத்து முடிந்த மாலை வேளையிலே, பெண்கள் வந்து சாட்சி சொல்லும்படி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூடட்டும்.