ஹீட்டர் வெளியே, பிள்ளை உள்ளே

நைனார்பாளையத்தில் இப்போது வீடு கட்டுகிற யாரும் குளியலறையில் குறை வைப்பதில்லை. கூரைவரை டைல்ஸ், பி.வி.சி. கதவு, குளிர்காற்று புகாதபடி கண்ணாடி போட்டு அடைத்த வெண்டிலேட்டர். அதற்குள்ளேயே, ஷவருக்குப் பக்கத்தில், ஒரு கேஸ் ஹீட்டர். விடியற்காலையில் பிள்ளையை எழுப்பி உள்ளே தள்ளி, "தாழ்ப்பாள் போட்டுக்கோ" என்று வேறு சொல்லி அனுப்புகிறோம். ஏன் அந்தப் பெட்டியை உள்ளே மாட்டினீர்கள் என்று கேட்டால், "பிளம்பர் அங்கதான் மாட்டினாரு" என்கிறீர்கள். பிளம்பர் பைப் எங்கே இருக்கிறதோ அங்கே மாட்டுவார். உள்ளே குளிக்கப் போவது அவர் பிள்ளையா?

2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணத்தில் இருபது வயதையொட்டிய அக்கா தங்கை இருவர் சேர்ந்து குளிக்கப் போனார்கள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்பா போய்ப் பார்த்தபோது இருவரும் மயங்கிக் கிடந்தார்கள், பிழைக்கவில்லை. 2023 மார்ச்சில் காசியாபாத் பக்கம் முராத்நகரில் ஹோலி விளையாடிவிட்டுக் குளிக்கப் போன கணவன் மனைவிக்கும் இதே கதிதான். இரண்டு வீட்டிலும் குளியலறைக்குள் கேஸ் கீசர். இதையெல்லாம் படித்துவிட்டு நாம் என்ன செய்கிறோம்? சிலிண்டர் டியூபை முகர்ந்து பார்த்து, "நம்ம வீட்டுல லீக் இல்ல" என்று நிம்மதியாகிவிடுகிறோம்.

கசியும் கேஸ் நாறும். நமக்குத் தெரியட்டும் என்றே அதில் நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். ஆளைக் கொல்வது பெரும்பாலும் கசிந்த கேஸ் அல்ல, அரைகுறையாக எரிந்த கேஸ். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால், அதே அறையில் அவர்களுக்குத்தான் முதலில் தாக்கும்.

கணக்கும் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு கிலோ கேஸ் சரியாக எரிய சுமார் 12,000 லிட்டர் காற்று வேண்டும். வீட்டில் மாட்டும் சின்ன ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் குடிக்கும். அப்படியென்றால் கால் மணி நேரத்துக்கு 3,000 லிட்டர் காற்று. ஆறடிக்கு நாலடி, எட்டடி உயரமுள்ள குளியலறையில் மொத்தமே 5,400 லிட்டர்தான் இருக்கிறது. அதிலேதான் உங்கள் பிள்ளையும் மூச்சு விட வேண்டும். காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 18-க்குக் கீழே போனாலே தீ தடுமாறி நச்சுவாயுவைக் கக்கத் தொடங்கும். முழுக்க அடைத்த அறையில் அதற்குச் சில நிமிடங்கள் போதும். "இருபது நிமிஷத்துல தானா அணைஞ்சிடும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பிக்கொண்டு இருக்கிறீர்களே, அது யாரைக் காப்பாற்றும்?

அண்டாவில் சுடுதண்ணி போட்ட காலத்தில் அடுப்பு தோட்டத்தில் இருந்தது. விறகு எப்படிப் புகைந்தாலும் புகை வானத்துக்குப் போனது. தண்ணீரை மட்டும்தான் வாளியில் உள்ளே தூக்கிப் போனோம். இப்போது அடுப்பையே உள்ளே கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். பாட்டிகளுக்குத் தெரிந்தது பட்டம் வாங்கிய நமக்குத் தெரியவில்லை.

ஆகவே பெட்டியைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டுங்கள். சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வரட்டும். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் வரும். வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை படாமல் மேலே ஒரு தகரம் போதும். ஆனால் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேயோ, காற்றோட்டமில்லாத சந்திலோ, குளியலறை வெண்டிலேட்டருக்கு நேர்கீழேயோ மாட்டினால் வெளியே வைத்தும் பயனில்லை. சிலிண்டரும் வெளியே, நிமிர்ந்து நிற்கட்டும். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும்.

"எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கோமே" என்று ஒரு கூட்டம் வரும். உள்ளே காற்று வர வழியில்லாமல் ஃபேன் எதை உறிஞ்சும்? புகைக்குழாய் வைத்த பெரிய ஹீட்டராக இருந்தால், மேலே போக வேண்டிய புகையைக் குழாய் வழியே அறைக்குள்ளேயே இழுத்துவிடவும் கூடும். காற்றுக்கு வர ஒரு வழி வேண்டும், போக ஒரு வழி வேண்டும். வாடகை வீடு, பெட்டியை உடனே மாற்ற முடியாது என்பவர்கள் வாளியை நிரப்பி, ஹீட்டரை அணைத்து, கதவைத் திறந்து காற்றாடவிட்டு, அதன்பிறகு பிள்ளையை உள்ளே அனுப்புங்கள். தரைக்கு அருகே ஒன்று, கூரைக்கு அருகே ஒன்று என்று ஒரு செங்கல் அளவுக்கு இரண்டு திறப்பு வைக்க வீட்டுக்காரரிடம் சண்டை போடுங்கள். அதற்காக, ஓட்டை போட்டாயிற்று, இனி ஹீட்டர் எரியும்போதே குளிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெண்டிலேட்டரை ஏன் அடைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். குளிர் பாதிக் காரணம். வயசுப் பெண் குளிக்கும் இடம் என்பது மீதிக் காரணம். நியாயமான பயம்தான். அதற்குக் கொத்தனாரிடம் சொன்னால் ஆள் உயரத்துக்கு மேலே, சாய்வுப் பட்டை வைத்துக் கட்டித் தருவார். காற்று வரும், கண் வராது.

நம் போர் தண்ணீரின் உப்பும் சும்மா இருப்பதில்லை. ஹீட்டரின் உள்குழாயில் படிந்து அடைக்கும். பர்னரில் சிலந்தி கூடு கட்டும், கரி படியும். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளானால் அன்றே நிறுத்திச் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். நீலமாக எரிகிறது என்பதற்காக அறையை அடைத்துக்கொள்ளவும் வேண்டாம். புதிதாக வாங்கினால் விலையை மட்டும் பார்க்காமல் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் ஐ.எஸ். 15558 என்ற எண்ணையும் தேடுங்கள்.

குளித்துவிட்டு வரும் பிள்ளை தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால், "ராத்திரி சாப்பிடல, அதான்" என்று நாமே வைத்தியராகிவிடுகிறோம். குளியலறையில் மயங்கி விழுந்து கைகால் இழுத்தால் வலிப்பு என்று முடிவு கட்டுகிறோம். 2016-ல் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பெயரிட்டு ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். தவிர்க்கக்கூடியது என்று தலைப்பிலேயே சொன்னார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவியை மாட்டிப் பார்த்து, 98 காட்டுகிறது என்று ஆறுதல் அடையாதீர்கள். ஆக்சிஜன் ஒட்டிய ரத்தத்தையும் இந்த விஷம் ஒட்டிய ரத்தத்தையும் அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கதவை உடைத்தாவது பிள்ளையை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, 108-ஐ அழையுங்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "கேஸ் ஹீட்டர் எரிஞ்சிக்கிட்டிருந்துச்சு" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால், தானாகப் பாதியாக நாலைந்து மணி நேரம் எடுக்கும் விஷம் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும்.

கல்வராயன் மலையில் சொந்தம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பதும் இதே விஷத்தைத்தான் உண்டாக்கும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் சின்னப்பள்ளத்தில் அறைக்குள் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுவிட்டுப் படுத்த இரண்டு இளைஞர்கள் காலையில் எழவில்லை.

பொங்கல் லீவுக்குப் பிள்ளையைப் பெங்களூருச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். என்ன வாங்கிக் கொடுத்தார்கள் என்று போனில் கேட்பீர்கள். அதற்கு முன்னால், ஹீட்டர் பாத்ரூமுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று சித்தியிடம் கேளுங்கள். உள்ளே என்றால் வாளியில் பிடித்துக் குளிக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.