வேக வாசிப்பு: கண் மீது சுமத்தப்படும் பொய்ப் பழி

மூளை வேகமானது, கண்தான் மந்தமானது; கண்ணைப் பழக்கினால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்களைப் படித்துவிடலாம் என்பது வேக வாசிப்பு வகுப்புகளின் அடிப்படை வாதம். அமெரிக்க ஆசிரியை எவலின் வுட் 1959-இல் தொடங்கிய ‘ரீடிங் டைனமிக்ஸ்’ வகுப்புகளால் இது பரவியது. இன்றும் மாணவர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு இதே வாக்குறுதி விற்கப்படுகிறது. பார்வை ஆய்வுகள் இதன் ஒவ்வொரு கூறையும் மறுக்கின்றன.

முதல் கூற்று, ஒரே பார்வையில் ஒரு பத்தியையே அள்ளிக்கொள்ளலாம் என்பது. விழித்திரையின் மையக்குழி தெளிவாகக் காண்பது பார்வைப் புலத்தில் சுமார் 2 பாகை மட்டுமே. ஜார்ஜ் மெக்கோன்கி, கீத் ரெய்னர் இருவரும் 1975-இல், கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் விட்டு, மற்றவற்றை வேறு எழுத்துகளால் மறைத்துச் சோதித்தனர். இவ்வகைச் சோதனைகளின்படி, ஆங்கில வாசகருக்குப் பயன்படுவது இடப்புறம் மூன்று நான்கு எழுத்துகளும் வலப்புறம் பதினைந்து எழுத்துகள் வரையும்தான். எந்தப் பயிற்சியும் விழித்திரையின் அமைப்பை மாற்றாது.

இரண்டாவது, வரியில் பின்னோக்கிச் செல்வது கெட்ட பழக்கம் என்பது. தேர்ந்த வாசகர்களின் கண் அசைவுகளிலும் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கியவையே. எலிசபெத் ஷாட்டரும் சகாக்களும் 2014-இல், படித்து முடித்த சொற்களை உடனுக்குடன் மறைத்து, திரும்பிப் பார்ப்பதைப் பயனற்றதாக்கினர். வாசகர்களின் புரிதல் குறைந்தது. திரும்பிப் பார்ப்பது புரிதலுக்கான வேலை.

மூன்றாவதே இந்த வாதத்தின் அச்சாணி: வேகத்தைத் தடுப்பது கண்ணின் சோம்பல் என்பது. வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒரு தாவல் 20 முதல் 35 மில்லி நொடியில் முடிந்துவிடும். நின்று பார்ப்பதற்கோ சராசரியாக 200 முதல் 250 மில்லி நொடி ஆகிறது. நேரமெல்லாம் நிற்பதில்தான் செலவாகிறது.

அந்த நிற்றலை முடிவு செய்வது யார் என்பதை 2003-இல் ரெய்னர், சைமன் லிவர்செட்ஜ் குழுவினரின் சோதனை காட்டியது. வாசகரின் கண் ஒரு சொல்லின் மீது விழுந்த 60 மில்லி நொடியில் அந்தச் சொல்லே திரையிலிருந்து மறைந்துவிடும். கண்ணுக்கு அங்கே இனிப் பார்க்க ஒன்றுமில்லை. வேகத்தடை கண்ணில் இருந்தால் அது உடனே நகர்ந்திருக்க வேண்டும். ஆனால், சொல் இருந்த வெற்றிடத்திலேயே கண் காத்து நின்றது. பழகிய சொல்லாயிருந்தால் குறைந்த நேரம், அரிய சொல்லாயிருந்தால் கூடுதல் நேரம். சொல்லை மூளை இனங்கண்டு முடிக்கும்வரை கண் அங்கேயே நின்றது. கண்ணைக் குற்றம் சாட்டும் ஒரு வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. வாசிப்பில் கண், மூளையின் பணிக்குக் காத்திருக்கும் ஏவலாள். ஏவலாளை விரட்டினால் எசமானனின் வேலை விரைவாக முடியாது.

ஹீப்ருவும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் 1981-இல் நடந்த ஆய்வும் இதையே உறுதி செய்தது. ஆங்கிலத்தில் வலப்புறம் நீளும் பார்வை எல்லை, வலமிருந்து இடமாக எழுதப்படும் ஹீப்ருவில் இடப்புறம் நீண்டது. கண்கள் அதே கண்கள். கவனத்தின் திசைதான் மாறியது.

நான்காவது, பயிற்சி பெற்றவர்களே சாட்சி என்பது. மார்செல் ஜஸ்ட், பட்ரீசியா கார்பென்டர் குழுவினர் அவர்களைச் சோதித்தபோது, கண் பதியாத இடங்களில் இருந்த விவரங்களை அவர்களால் சொல்ல முடியவில்லை. அவர்கள் செய்தது மேலோட்டமாகப் புரட்டுவது. எதைத் தவிர்க்கலாம் என்று தெரிந்தால் அதற்கும் பயன் உண்டு. அது முழு வாசிப்பாகாது.

கல்லூரியில் படித்த ஒருவரின் இயல்பான வேகம் நிமிடத்துக்குச் சுமார் 200 முதல் 400 சொற்கள். சொற்களை மூளை விரைந்து இனங்காணும்போதுதான் இது உயரும். சொல்வளமும் துறையறிவும் தொடர்ந்த வாசிப்பும் அதற்கு உதவும். கண் பயிற்சி உதவாது.