மணி என்றால் என்ன? ஒரு சொல்லும் ஒற்றை விடையும்



பயிற்சி நூல்களில் ‘சொல்லும் பொருளும்’ என்று ஒரு பகுதி வரும். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள், நடுவில் கோடு. அண்மையில் நான் கண்ட ஒரு நூலில் ‘மணி’ என்ற சொல்லுக்கு நேரே ‘நேரம்’ என்று மட்டுமே இருந்தது. மாணவி ஒருத்தி ‘நீலக்கல்’ என்று எழுதியிருந்தாள். விடைப்பட்டியலில் அது இல்லை. ஆகவே தவறு என்று சிவப்பு மையால் கோடு இழுக்கப்பட்டிருந்தது. யார் திருத்தினார், எந்தப் பள்ளி என்பவை இங்குத் தேவையற்றவை. அந்த மாணவி எழுதியது சரி என்பதே நான் சொல்ல வருவது. சரி மட்டுமன்று, சங்க இலக்கியம் படித்தவர்கள் முதலில் சொல்லும் விடையும் அதுதான்.

பழந்தமிழில் ‘மணி’ என்று அடையின்றி வந்தால் பல இடங்களில் அது நீலமணியையே குறிக்கும். நெய்தல் பூவுக்கும், மயிலின் கழுத்துக்கும், தொலைவில் தெரியும் மலைக்கும் மணியின் நிறத்தைப் புலவர்கள் உவமை சொன்னது இதனாலேதான். நஞ்சுண்டு கறுத்த கழுத்தையுடைய சிவபெருமானுக்கு ‘மணிமிடற்றோன்’ என்று பெயர். ‘கழுத்தில் மணி கட்டியவர்’ என்று அதற்குப் பொருள் சொல்ல முடியுமா? அகநானூற்றின் 121 முதல் 300 வரையுள்ள பாடல்களுக்கு ‘மணிமிடை பவளம்’ என்று பெயரிட்டார்கள். நீலமணியும் செம்பவளமும் இடைவிட்டுக் கோத்த மாலை அது. நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாடே அதன் அழகு.

இனி இதே இணையை வேறோர் இடத்தில் பாருங்கள். தமிழும் வடமொழியும் கலந்த நடையை ‘மணிப்பிரவாளம்’ என்கிறோம். பிரவாளம் என்றாலும் பவளம்தான். ஆனால் மலையாள மொழி பற்றி 14ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘லீலாதிலகம்’ என்ற இலக்கண நூல், இங்கு மணி என்பது சிவந்த மாணிக்கம் என்று விளக்குகிறது. சிவப்போடு சிவப்பு சேர்ந்தால் எது கல், எது பவளம் என்று தெரியாது. இரு மொழிச் சொற்களும் அப்படித் தெரியாமல் கலக்க வேண்டுமாம்! ஒரே இரண்டு சொற்கள்... ஓரிடத்தில் வேறுபாட்டைக் காட்டுகின்றன, மற்றோரிடத்தில் வேறுபாட்டை மறைக்கின்றன. ஒற்றைப் பொருளை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்தச் சுவை எட்டவே எட்டாது.

சுவை போகட்டும், கதையே புரியாமல் போகும் இடமும் உண்டு. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நாம் எல்லோரும் கதையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மணி. சிலம்பை உடைத்ததும் மணி தெறித்தது, வழக்கு முடிந்தது. ஓர் அரசனின் உயிர் முத்து, மணி என்ற இரண்டு சொற்களின் இடையே தொங்கிக்கொண்டிருந்தது. இங்கு மணி என்பது மாணிக்கம். கழுத்தில் போடும் பாசிமணி என்றோ, கோயிலில் ஒலிக்கும் மணி என்றோ பிள்ளை நினைத்துக்கொண்டால் மதுரை எரிந்ததன் காரணமே அதற்கு விளங்காது.

அப்படியானால் ‘நேரம்’ என்ற பொருள் எங்கிருந்து வந்தது? உருண்டையான கல், கோத்த மணி, அந்த வடிவில் தொங்கவிட்டு ஒலித்த மணி என்று பொருள் விரிந்திருக்க வேண்டும். பிறகு அந்த ஒலியால் பொழுதை அறிவித்ததால் பொழுதின் அளவும் மணி ஆயிற்று. இதில் கடைசிப் படியைப் பினாங்குப் பிள்ளைகளுக்கு விளக்குவது மிக எளிது. மலாயில் எட்டு மணியை ‘புக்குல் லாப்பான்’ என்கிறோம். ‘புக்குல்’ என்றால் அடிப்பது. ஆங்கிலத்துக் ‘கிளாக்’ என்பதும் மணியைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லின் வழி வந்ததே. மூன்று மொழிகளும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன! கோட்டைக்கு அருகில் 60 அடி உயரத்தில் நிற்கும் மணிக்கூண்டை வகுப்பில் காட்டலாம். விக்டோரியா அரசியாரின் 1897ஆம் ஆண்டு வைர விழாவை ஒட்டி, ஆண்டுக்கு ஓர் அடி என்று கணக்கிட்டுச் சியா சென் இயோக் என்ற செல்வர் எழுப்பியது அது. மணிக்கூண்டும் வைர விழாவும் ஒரே கட்டடத்தில். சொற்பாடத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஒலிக்கும் மணியைப் பற்றி இன்னொன்று. 1836ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் நியூசிலாந்தில் ஓர் உடைந்த வெண்கல மணியைக் கண்டார். மவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். அதன் விளிம்பில் தமிழ் எழுத்துகள்: மொகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் கருத்து. இன்று அது வெலிங்டனில் உள்ள ‘தே பாப்பா’ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கு அது எப்படிச் சென்றது என்பதை உறுதியாக யாரும் சொன்னதில்லை. சூலியா வீதியில் நடந்து போகும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் முசுலிம் கப்பல்காரர்கள் அயலார் அல்லர். அந்த வெண்கலத்தில் பொறித்த ‘மணி’ என்ற சொல்லைப் படத்தில் காட்டினால், எந்தப் பயிற்சி நூலும் செய்யாததை அது செய்யும்.

இப்போது பெற்றோர்களுக்கு. தமிழ் படித்தால் மலாய்மொழி பின்தங்கிவிடும் என்ற அச்சம் உங்களில் பலருக்கு உண்டு. பாபா நோன்யாப் பெண்கள் நுண்மணிகளைக் கோத்துத் தைக்கும் காலணியை ‘காசுத் மானெக்’ என்கிறார்கள். அந்த ‘மானெக்’ மலாயின் ‘மானிக்’. கோக்கும் மணி என்று பொருள். ‘மானிக்கம்’ என்பது நம் மாணிக்கம். மணியின் அருமை மணிவணிகனுக்கே தெரியும் என்ற மலாய்ப் பழமொழியில் வருவதும் இந்த மானிக்கமே. அதில் வணிகனைக் குறிக்கும் ‘ஜவ்ஹாரி’ அரபியின் வழி வந்தது. நீலக்கல்லுக்கு மலாயில் ‘நிலம்’. நீலச் சாயத்துக்கு ‘நீலா’. ஒன்றில் ஈற்றில் மகரம் இருக்கிறது, மற்றதில் இல்லை. மகர ஈறு ஒட்டிய சொல் தமிழர் வாய்வழி சென்றதன் அடையாளம் என்பர். 1999இல் கல்வி அமைச்சு தொடங்கிய வாசிப்புத் திட்டத்தின் சுருக்கப்பெயரும் ‘நிலம்’ என்றே அமைந்தது. அதன் படிநிலைகளில் ஒன்றுக்கு ‘ஜவ்ஹாரி’ என்று பெயர் வைத்தார்கள். நம் பிள்ளைகள் பலர் அதைக் கேட்டு ‘பூமி’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்! நீலக்கல் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் இரண்டு மொழிச் சொல்லும் ஒன்றாக மனத்தில் தங்கும்.

இங்கு ஒரு தடுப்பும் தேவைப்படுகிறது. மலாயில் உள்ள மணிப்பெயர்கள் எல்லாம் தமிழ்தான் என்று மேடையில் கைதட்டல் வாங்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. ‘மணி’ என்ற சொல் இருக்கு வேதத்திலும் உண்டு. கழுத்தணியைக் குறிக்கும் இலத்தீன் ‘மொனிலே’யோடு அதைச் சேர்த்துப் பார்ப்பவர்களும் உளர். கழுவுதல், மெருகிடுதல் என்று பொருள்படும் ‘மண்ணுதல்’ என்ற தமிழ் வினையிலிருந்து வந்தது என்பவர்களும் உளர். எனக்குப் பின்னதன்மேல் விருப்பம் உண்டு. ஆனால் விருப்பம் சான்றாகாது. பத்து வயதுப் பிள்ளையிடம் இதைச் சொத்து வழக்காக்க வேண்டியதில்லை. நாளை அது பல்கலைக்கழகத்தில் வேறொன்றைப் படிக்கும்போது, தமிழாசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கக் கூடாதல்லவா?

பயிற்சி நூலில் நடுக்கோடு இருக்கட்டும்; வலப்பக்கம் நான்கு வரி இடம் விடுங்கள் என்பதே என் கோரிக்கை. ஆசிரியர்கள் ஒரு பருவத்துக்கு ஐந்து சொற்களை இவ்வாறு எடுத்தால் போதும். பெற்றோர்கள், பிள்ளையின் ஏட்டில் சிவப்புக் கோட்டைப் பார்த்தால் உடனே அதட்டாமல், “ஏன் இப்படி எழுதினாய், கண்ணு?” என்று ஒருமுறை கேளுங்கள். அந்த மாணவியிடம் நான் கேட்டபோது, “தாத்தா மணிமிடற்றோனுக்கு அப்படித்தான் பொருள் சொன்னார், ஐயா” என்றாள்.

அடுத்த பதிவில் முத்து. ‘பூலாவ் முத்தியாரா’ என்று அழைக்கப்படும் தீவில் இருந்துகொண்டு அதை எழுதாமல் விட முடியுமா? அந்த ‘முத்தியாரா’வை ‘முத்தாரம்’ என்ற நம் சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் முத்து என்ற சொல் என்னென்ன பொருளில் வழங்குகிறது என்று எழுதியனுப்புங்கள்; மாதுளையின் முத்தையும் அம்மைமுத்தையும் மறந்துவிடாதீர்கள்.