ஒரு உறுப்புக்கு எத்தனை பேர்?



தலை போனாலும் கரப்பான்பூச்சி சில நாள் உயிரோடு இருக்கும். ஏன் தெரியுமா? அது உடம்பின் பக்கத் துளைகளால் மூச்சு விடுகிறது. தலையில் மூளை இருந்தாலும் மார்பில் 3, வயிற்றில் 6 என்று குட்டிக் குட்டி நரம்பு மையங்களும் வேலை செய்கின்றன. இதற்குத் தமிழில் என்ன பேர்? நரம்பு முடிச்சு, நரம்புத்திரள், கேங்க்லியான் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான் என்று யாரும் சொல்லாவிட்டால், மூணு உறுப்பு என்றுதானே நினைப்போம்?

செல் கதையும் இதேதான். நாம் செல் என்கிறோம், சிலர் உயிரணு என்கிறார்கள், இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் கலம் என்று படிக்கிறார்கள். இயற்பியலில் அணு என்றால் வேறயாச்சே!

தமிழுக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். 1850-இல் பிரெஞ்சு அறிஞர் பெலிக்ஸ் துஜார்தேன் பூச்சி மூளையில் ஒரு பகுதியைப் பற்றி எழுதினார். வாசனையை ஞாபகம் வைக்க உதவும் பகுதி அது. பிரெஞ்சில் 'காம்புள்ள உடல்', இங்கிலீஷில் 'காளான் உடல்'. இப்படிப் பேர்கள் பெருகிக் குழப்பம் வந்ததால் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடிப் பேசி, 2014-இல் பூச்சி மூளைக்கு ஒரே பெயர்ப் பட்டியல் வெளியிட்டார்கள். பழைய பேர்களைத் தூக்கிப் போடாமல் அதையும் குறித்து வைத்தார்கள். 2024-இல் பழ ஈ மூளையின் சுமார் 1,39,000 நரம்பு செல்களுக்கும் வரைபடம் வந்துவிட்டது. தெருப் பேர் ஒழுங்காக இல்லாமல் ஊருக்கு மேப் போட முடியுமா?

தமிழிலும் முடியும். 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்து, கலைச்சொல் பட்டியலும் தயாரித்தார்.

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது தமிழுக்கு அழகுதானே என்று தமிழ் ஐயா கேட்கலாம். கவிதையில் நிலா, மதி, திங்கள் எல்லாம் அழகுதான் ஐயா. ஆனால் படத்தில் அம்புக்குறி போட்டு பாகம் குறிக்கும்போது ஒரே பேர்தான் வேண்டும்.

என் கருத்து இதுதான். அறிவியல் அறையில் ஒரு சார்ட் ஒட்டுவோம். ஒரு உறுப்புக்கு ஒரு பேர் பெரிதாக, மற்ற பேர்கள் கீழே சின்னதாக. எல்லா வகுப்பிலும் அந்தப் பெரிய பேரையே சொல்லுவோம். அது பழக்கத்துக்கு வரும் வரை, சரியான எந்தப் பேரை எழுதினாலும் மார்க் போடுங்கள். பாடம் தெரிந்த பிள்ளை பேரால் தோற்கக் கூடாது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி, மேட்டுப்பாளையம், புதுச்சேரி.