பூட் ஆனால் போதுமா?

ராம் ஓவர்க்ளாக் செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியைப் போடுவார்கள், அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்றுவார்கள், விண்டோஸ் திறந்ததும் "ஸ்டேபிள்டா மச்சான்" என்று அறிவித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், சோதித்துப் பார்க்காத வேகத்தை லாபக் கணக்கில் எழுதவே கூடாது.

எக்ஸ்எம்பி போட்டாலே ஓவர்க்ளாக்தான். டிடிஆர்4-க்கு ஜெடெக் வகுத்த தரம் 1.2 வோல்ட்டில் 3200 வரைதான். 3600 என்று விற்கிற ராம் பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓடுவது. கம்பெனிக்காரர் ராமைச் சோதித்திருப்பார். உங்கள் பிராசசரில் இருக்கும் மெமரி கண்ட்ரோலரையும் மதர்போர்டையும் சேர்த்துச் சோதிக்க வேண்டியது நீங்கள்தான்.

சரி, தப்பினால் என்ன ஆகும்? நீலத்திரை வந்தால் அதிர்ஷ்டம், தெரிந்துவிடும். வராமல் போவதுதான் ஆபத்து. பி.காம் மக்களுக்குப் புரியும்படி சொன்னால், ராமன் கணக்கில் எழுத வேண்டியதை ரஹீம் கணக்கில் எழுதினாலும் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகும்! அதுபோலத்தான் இதுவும். காப்பி செய்கிற ஃபைல், பிரிக்கிற ஜிப், சேமிக்கிற ப்ராஜெக்ட் எல்லாமே ராம் வழியாகத்தான் போகின்றன. அங்கே ஒரு பிட் புரண்டால், புரண்டபடியே டிஸ்கில் ஏறும். நாளைக்கு எடுக்கும் பேக்கப்பிலும் அதே பிழை உட்கார்ந்திருக்கும்.

"டிடிஆர்5-இல் ஈசிசி இருக்கே" என்பார்கள். அது சிப்புக்கு உள்ளே நடக்கும் பிழையைத் திருத்துவது. சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் வழியில் நடப்பதை அது பார்க்காது.

இத்தனைக்கும் கிடைப்பது என்ன? 3200 சிஎல்16, 3600 சிஎல்18 இரண்டுக்கும் சிஎல் தாமதம் ஒன்றேதான்: 10 நானோசெகண்ட். கூடுவது பேண்ட்வித் மட்டும், 12.5 சதவீதம். அதுவும் எல்லா வேலையிலும் தெரியாது.

ஓவர்க்ளாக் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. மெம்டெஸ்ட்86+ இலவசம், ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். பிறகு விண்டோஸிலும் ஒரு மெமரி டெஸ்ட், கிராபிக்ஸ் கார்டு சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே. சூடு ஏறினால் ராம் செல்களில் சார்ஜ் சீக்கிரம் கசியும், இரவில் பாஸ் ஆனது மத்தியானம் ஃபெயில் ஆகலாம். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் ஃபெயில்தான். "ஒண்ணுதானே" என்று விடாமல் ஒரு படி இறக்குங்கள்.

நாலு ஃப்ரேம் கூடக் கிடைக்கும் என்பதற்காக, மூணு வருஷப் போட்டோக்களைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை :-)